பல்லுக்கு அளவு எடுக்கும்போது...

“பல்லுப் போனால் சொல்லுப் போகும்” என்பார்கள் எமது பெரியவர்கள். ஆனால் பல் போகும்போது சொல் மட்டும் போவதில்லை. முன்பல் இல்லாத ஒரு பெண் சிரிக்கும்போது கையால் வாயை மறைத்துக்கொள்கிறாள். கலியாண வீட்டில் படம் எடுக்கும்போது உதட்டை இறுக மூடிக்கொள்கிறாள். கடைவாய்ப் பற்கள் இல்லாதவளோ இறைச்சியையும் கச்சானையும் பச்சைக் காய்களையும் ஒவ்வொன்றாகக் கைவிட்டு, குழைத்த சோற்றோடும் தேநீரில் தோய்த்த பாணோடும் காலத்தைக் கழிக்கிறாள். அவளுடைய கோப்பையில் என்ன குறைந்தது என்று வீட்டில் ஒருவரும் கவனிப்பதில்லை. ஏனென்றால் எமது வீடுகளில் கடைசியாகச் சாப்பிடுபவள் அவள்தான்.

அன்பான வாசகிகளே, பற்சுகாதாரம் பற்றி இப்பத்தியில் முன்னர் எழுதிய பின்னர் எம்மிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் கூடுதலானவை பல் சூத்தையைப் பற்றியவை அல்ல. “காசு கட்டிப் போட்ட பல்லு ஏன் பொருந்துதில்லை?” என்பதே பலரது கேள்வியாக இருந்தது. கேட்டவர்களில் அநேகமானோர் அதற்கான பதிலையும் தாமே சொல்லியிருந்தார்கள்: “என்ர வாய்தான் சரியில்லையாக்கும்.” இந்தப் பதில்தான் என்னை இம்மாதம் இதைப்பற்றி எழுதத் தூண்டியது. நான் பல் வைத்தியர் அல்ல. கிராமங்களில் பெண்கள் குழுக்களுடன் வேலை செய்பவள். எனினும் பல் வைத்தியர்களிடமும் பல் செய்யும் தொழில்நுட்பவியலாளர்களிடமும் கேட்டும் வாசித்தும் அறிந்துகொண்ட ஒரு விடயத்தை உங்களுடன் பகிர்ந்துகொள்ளலாம். பொருந்தாத பல்லுக்குக் காரணம் பல சமயங்களில் உங்கள் வாய் அல்ல. உங்கள் வாயிலிருந்து எடுக்கப்பட்ட அளவு.

அளவு என்பது என்ன?

சட்டை தைப்பதற்கு உடம்பில் அளவு எடுப்பதைப் போல, செயற்கைப் பல் செய்வதற்கு வாயில் அளவு எடுக்கிறார்கள். ஒரு தட்டில் களி போன்ற ஒரு பொருளை நிரப்பி, அதை வாயினுள் வைத்து, இறுகியதும் வெளியே எடுப்பார்கள். அந்தக் களியில் உங்கள் பற்களும் முரசும் பள்ளமாகப் பதிந்திருக்கும். அந்தப் பள்ளத்தினுள் சாந்து போலக் கரைத்த பிளாஸ்டரை ஊற்றினால் உங்கள் வாயின் மாதிரி ஒன்று கிடைக்கும். பல் செய்பவர் உங்களைக் காண்பதில்லை. அவர் காண்பது அந்த மாதிரியை மட்டுமே. அதில் இல்லாத ஒன்றை அவரால் செய்ய முடியாது. அதில் தவறாக உள்ளதை அவரால் கண்டுபிடிக்கவும் முடியாது.

தையலில் அரை அங்குலம் கூடினால் பிரித்துத் தைக்கலாம். பல்லில் அப்படியல்ல. எமது தலைமயிர் ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 0.05 முதல் 0.1 மில்லிமீற்றர் வரை இருக்கும். 1971 ஆம் ஆண்டில் மக்லீன், வொன் ஃபிரோன்ஹோஃபர் ஆகிய இரு ஆய்வாளர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பல்லுறைகளை ஐந்து ஆண்டுகளாக அவதானித்து, உறைக்கும் பல்லுக்கும் இடையில் 0.12 மில்லிமீற்றருக்கு மேல் இடைவெளி இருக்கலாகாது என்ற முடிவுக்கு வந்தார்கள். அந்த அளவையே இன்றும் பலர் எடுத்துக்காட்டுகிறார்கள். அதாவது ஒரு மயிரிழைக்குச் சற்றுக் கூடிய இடைவெளி! அதற்கு மேல் போனால் அந்த இடுக்கில் எச்சிலும் உணவும் கிருமியும் புகும். ஒட்டிய சீமெந்து கரையும். வெளியே பார்க்க வெள்ளையாக, அழகாக இருக்கும் உறையின் உள்ளே சொந்தப் பல் மெல்ல மெல்லச் சூத்தையாகும்.

களியிலும் பல வகை

அளவு எடுக்கும் பொருட்களில் நாம் கூடுதலாகக் காண்பது அல்ஜினேற் எனப்படும் தூள். இது கடற்பாசியிலிருந்து எடுக்கப்படுகிறது. முன்னர் அகர் என்ற வேறொரு பாசிப் பொருளே பாவனையில் இருந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஜப்பானிலிருந்து அகர் வருவது தடைப்பட, அதன் இடத்தை அல்ஜினேற் பிடித்தது. விலை குறைவு, நோயாளிக்குச் சிரமம் குறைவு, சில நிமிடங்களில் இறுகிவிடும். கழற்றிப் போடும் கட்டுப்பல்லின் முதல் அளவுக்கும், எதிர்த்தாடையின் மாதிரிக்கும் இது போதுமானது.

ஆனால் அல்ஜினேற்றில் பெரும்பங்கு தண்ணீர். திறந்து வைத்தால் தண்ணீர் வற்றிச் சுருங்கும். தண்ணீரில் ஊறப் போட்டால் வீங்கும். இரண்டுமே அளவைக் கெடுக்கும். ஆகவே சாதாரண அல்ஜினேற்றில் எடுத்த அளவை ஈரத்துணியோ ஈரக் கடதாசியோ சுற்றி, பையில் மூடிவைத்து, கால் மணி அல்லது அரை மணித்தியாலத்துக்குள் பிளாஸ்டர் ஊற்றிவிட வேண்டும். காலையில் எடுத்த அளவு மேசையில் கிடந்து, மத்தியானம் பஸ்ஸில் ஏறி, பின்னேரம் இன்னொரு நகரத்து ஆய்வுகூடத்துக்குப் போய்ச் சேர்ந்தால் அங்கே போவது உங்கள் வாய் அல்ல, உங்கள் வாயின் சுருங்கிய வடிவம். எமது வெயிலில் இது இன்னும் விரைவாக நடக்கும்.

பல்லுறை, பாலம், இம்பிளாண்ட் போன்றவற்றுக்கு இதைவிடத் துல்லியமான பொருட்கள் தேவை. 1960 களில் வந்த பொலிஈதர், 1970 களில் வந்த புதிய வகைச் சிலிக்கோன் ஆகிய இரண்டும் இன்று பெரிதும் பாவிக்கப்படுகின்றன. இவை றப்பரைப் போன்று இறுகும். சிலிக்கோன் நாட்கணக்கில் வடிவம் மாறாமல் இருக்கும். அதற்கும் ஒரு பலவீனம் உண்டு. வைத்தியர் றப்பர்க் கையுறையுடன் அந்த மாவைப் பிசைந்தால், கையுறையில் உள்ள கந்தகம் அதை ஒழுங்காக இறுக விடாது. ஆகவே வேறு வகைக் கையுறையோடு பிசைய வேண்டும். பொலிஈதர் விறைப்பானது, இம்பிளாண்டுக்கு நல்லது. ஆனால் ஈரத்தை உறிஞ்சும் என்பதால் அதை உலர்வாக வைத்திருக்க வேண்டும்.

இப்பொருட்கள் எல்லாம் வெளிநாட்டிலிருந்து வருபவை. 2022 ஆம் ஆண்டு எமது ரூபாவின் பெறுமதி வீழ்ந்தபோது ஏனைய இறக்குமதிப் பொருட்களோடு இவற்றின் விலையும் ஏறியது. விலை ஏறும்போது, பிழையாக வந்த அளவை எறிந்துவிட்டு மறுபடி எடுப்பதற்குக் கை தயங்கும் என்பதும் மனித இயல்புதான். ஆனால் அந்தத் தயக்கத்தின் விலையைக் கடைசியில் செலுத்துவது கதிரையில் வாயைத் திறந்துகொண்டு இருப்பவர்.

பல்லைச் சீவிய பின்

உறை போடுவதற்கு முன் பல்லைச் சுற்றிவரச் சீவிச் சிறிதாக்குவார்கள். சீவிய பகுதி முடியும் இடத்தில் பல்லைச் சுற்றி ஒரு கோடு இருக்கும். உறை வந்து அமர வேண்டிய கரை அதுதான். சிக்கல் என்னவென்றால் அந்தக் கோடு பல சமயங்களில் முரசின் மட்டத்தில் அல்லது அதற்குச் சற்றுக் கீழே மறைந்திருக்கும். ஆகவே அளவு எடுக்க முன்னர் மருந்து தோய்த்த மெல்லிய நூலை முரசுக்கும் பல்லுக்கும் இடையில் செருகி, முரசைச் சற்று விலக்கி, இரத்தக் கசிவை நிறுத்தி, உலர வைக்க வேண்டும். இது பொறுமையான வேலை. முரசு வீங்கி இரத்தம் கசிந்துகொண்டிருந்தால் எவ்வளவு விலையுயர்ந்த பொருளாக இருந்தாலும் அந்தக் கோடு தெளிவாகப் பதியாது.

இங்கே எமது பங்கும் உண்டு. அளவு எடுப்பதற்கு முன் சில வாரங்கள் பற்களை ஒழுங்காகத் துலக்கி, தேவையானால் பற்காவியை அகற்றுவித்து முரசை ஆரோக்கியமாக வைத்திருந்தால் அளவு நன்றாக வரும். அதேபோல, பல்லைச் சீவிய பின் உறை வரும்வரை போட்டுவிடும் தற்காலிக உறை கழன்று விழுந்தால், “இன்னும் பத்து நாள்தானே” என்று இருந்துவிடாதீர்கள். மூடாத பல்லும் பக்கத்துப் பற்களும் மெல்ல நகரும். முரசு உள்ளே வளரும். அன்று எடுத்த சரியான அளவு இன்று பிழையான அளவாகிவிடும். உடனே போய் ஒட்டுவித்துக்கொள்ளுங்கள்.

இம்பிளாண்ட்: மன்னிக்காத திருகு

இப்போது நகரங்களில் மட்டுமன்றிச் சிறிய பட்டினங்களிலும் “இம்பிளாண்ட் செய்து தரப்படும்” என்ற பலகைகளைக் காண்கிறோம். தாடை எலும்பினுள் டைட்டேனியத் திருகு ஒன்றைப் பதித்து, எலும்பு அதனோடு இறுகச் சேர்ந்த பின் அதன்மேல் பல்லைப் பொருத்தும் முறை இது. எலும்பும் டைட்டேனியமும் இவ்வாறு ஒன்றிப்போவதைக் கண்டறிந்தவர் சுவீடனைச் சேர்ந்த பேராசிரியர் பெர்-இங்வார் பிரனெமார்க். அவர் 1965 ஆம் ஆண்டு முதன்முதலில் ஒரு மனிதருக்கு இதைப் பொருத்தினார்.

சொந்தப் பல்லுக்கும் இம்பிளாண்டுக்கும் முக்கிய வேறுபாடு ஒன்று உண்டு. சொந்தப் பல் எலும்போடு நேரடியாக ஒட்டியில்லை. இடையில் மெல்லிய நார்ப் படலம் ஒன்று மெத்தை போல இருக்கிறது. ஆகவே உறை மிகச் சிறிதளவு இறுக்கமாக இருந்தாலும் பல் ஒரு மயிரிழை அசைந்து இடங்கொடுக்கும். இம்பிளாண்டுக்கு அந்த மெத்தை இல்லை. அது எலும்பில் இறுகிய ஆணி. அளவில் வந்த பிழையை அது மன்னிப்பதில்லை. பல இம்பிளாண்டுகளை ஒரே பாலமாக இணைக்கும்போது ஒன்று சற்று விலகியிருந்தாலும், வைத்தியர் திருகை முடுக்கும்போது முழுப் பாலமும் இழுபட்டு நிற்கும். பிறகு திருகு அடிக்கடி தளர்கிறது, முறிகிறது, மேலே உள்ள பீங்கான் உடைகிறது என்று பிரச்சினைகள் வரக்கூடும்.

இம்பிளாண்டுக்கு அளவு எடுப்பதில் இரு வழிகள் உள்ளன. இரண்டிலும் இம்பிளாண்டின் மேல் ஒரு சிறிய உலோகத் தண்டைத் திருகிப் பூட்டுவார்கள். முதலாவது முறையில் தட்டில் துளை இருக்கும். களி இறுகியதும் துளையினூடாகத் திருகைக் கழற்றினால் தண்டு களியோடு சேர்ந்தே வெளியே வரும். இது திறந்த தட்டு முறை. மற்றையது மூடிய தட்டு முறை. அதில் தட்டை எடுத்த பின்னும் தண்டு வாயிலேயே நிற்கும். பிறகு அதைக் கழற்றிக் களியில் பதிந்த பள்ளத்தில் திரும்பச் செருகுவார்கள். திரும்பச் செருகும்போது சற்றுத் திரும்பிவிட்டாலோ முழுமையாக உள்ளே போகாவிட்டாலோ அளவு பிழைக்கும். ஆனால் வாயை அகலத் திறக்க முடியாதவர்களுக்கும், குமட்டல் கூடியவர்களுக்கும் மூடிய முறையே இலகுவானது.

எது நல்லது? இதுபற்றி நடந்த பல ஆய்வுகளைத் திரட்டி 2008 ஆம் ஆண்டில் வெளிவந்த மீளாய்வு ஒன்று, மூன்று அல்லது அதற்குக் குறைந்த இம்பிளாண்டுகள் என்றால் இரு முறைகளுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இல்லை என்றும், நான்கு அல்லது அதற்கு மேல் என்றால் திறந்த தட்டு முறையே துல்லியமானது எனக் கூடுதலான ஆய்வுகள் காட்டுகின்றன என்றும் கூறியது. பொலிஈதரா சிலிக்கோனா என்பதில் அது வேறுபாடு காணவில்லை. 2014 இல் வெளிவந்த இன்னொரு மீளாய்வும், பற்கள் முற்றாக இல்லாத தாடைக்குத் திறந்த முறையே நல்லது என்றது. அளவு எடுக்க முன் தண்டுகளை ஒன்றோடொன்று அசையாமல் பிணைத்துக்கொள்வது துல்லியத்தைக் கூட்டுகிறது என்பதையும் அது எடுத்துக்காட்டியது. ஆகவே ஒரு பல்லுக்கு மூடிய முறையில் எடுத்தார்கள் என்று நாம் பதற வேண்டியதில்லை. முழுத் தாடைக்கும் பல் கட்டுவதென்றால் எப்படி அளவு எடுக்கப் போகிறார்கள் என்று கேட்பதில் நியாயம் உண்டு.

களிக்குப் பதிலாகக் கமரா

இன்று சில இடங்களில் களியே இல்லை. பேனை போன்ற ஒரு கமராவை வாயினுள் கொண்டுபோய்ப் பற்களைப் படம் பிடித்து, கணினியில் முழு வடிவத்தை உருவாக்குகிறார்கள். இதன் முன்னோடியான இயந்திரம் 1985 இல் சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரில் முதன்முதலில் நோயாளி ஒருவருக்குப் பாவிக்கப்பட்டது. குமட்டல் இல்லை, களி சுருங்கும் பயம் இல்லை, பிழை இருந்தால் அவ்விடத்திலேயே திரையில் கண்டு மறுபடி எடுக்கலாம். ஒரு பல்லுக்கும் சில பற்களுக்கும் இது நல்ல சிலிக்கோன் அளவுக்குச் சமமான துல்லியம் தருகிறது.

ஆனால் “கமரா என்றால் பிழைக்காது” என்று யாராவது சொன்னால் அப்படியே நம்பிவிட வேண்டாம். கமரா காண்பதைத்தான் படம் பிடிக்கும். முரசுக்கு அடியில் மறைந்த கோட்டையும் இரத்தத்துக்கும் எச்சிலுக்கும் கீழே உள்ளதையும் அது காணாது. ஆகவே நூல் வைத்து முரசை விலக்கும் வேலை இங்கும் உண்டு. அத்தோடு, இது சிறு சிறு படங்களை ஒன்றோடொன்று ஒட்டியே முழு வடிவத்தை ஆக்குகிறது. பற்களே இல்லாத நீண்ட வழுவழுப்பான முரசில் ஒட்டுவதற்கு அடையாளம் கிடைக்காது. ஒவ்வொரு ஒட்டிலும் வரும் சிறு பிழை மறுமுனைக்குப் போகும்போது பெரிதாகிவிடும். முழுத் தாடை வேலைகளில் இன்னும் கவனம் தேவைப்படுவது இதனால்தான்.

பத்து நிமிடமும் ஒரு நாள் கூலியும்

இவ்வளவும் வைத்தியர்களின் பாடம், எமக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன்.

நான் போகும் தையல் பயிற்சிக் குழுவொன்றில் கணவனை இழந்த ஒரு அக்கா இருக்கிறார். கீழ்த்தாடைக்குக் கட்டுப்பல் செய்வித்து இரண்டு வருடங்களாக அதை அலுமாரியில் வைத்திருந்தார். “போட்டால் குத்துது மிஸ். கதைக்கேக்க எழும்பி வருது. மகளின்ர பள்ளிக்கூடக் கூட்டத்தில விழுந்து போச்சு. அதுக்குப் பிறகு போடேல்ல” என்றார். ஏன் செய்தவரிடம் திரும்பப் போகவில்லை என்று கேட்டேன். “மூன்று தரம் போனனான். ஒவ்வொரு தரமும் ஒரு நாள் கூலி போகும், பஸ் காசு போகும். பழகினால் சரிவரும் எண்டு சொன்னவை. என்ர முரசு அப்பிடியாக்கும் எண்டு விட்டிட்டன்.”

பின்னர் அரச வைத்தியசாலையொன்றின் பற்சிகிச்சைப் பிரிவில் அவரைப் பரிசோதித்த வைத்தியர், பழைய பல்லின் விளிம்பு பல இடங்களில் குறுகியும் நாக்கின் பக்கம் நீண்டும் இருப்பதைக் காட்டினார். முதல் அளவை வைத்து அவருக்கென்றே ஒரு தட்டுச் செய்து, அதனால் இரண்டாம் அளவு எடுத்தார். அப்போது நாக்கை நீட்டச் சொன்னார், உதட்டைக் குவிக்கச் சொன்னார், விழுங்கச் சொன்னார். தசைகள் அசையும் இடம் எல்லாம் விளிம்பில் பதிந்தது. “முந்தி இப்பிடி ஒண்டும் செய்யேல்ல மிஸ், ஒருக்காத்தான் வைச்சு எடுத்தவை” என்றார் அக்கா. புதிய பல்லும் முதல் வாரம் ஓரிடத்தில் உரசத்தான் செய்தது, போய்த் தேய்ப்பித்துக்கொண்டார். இப்போது அதைப் போட்டுக்கொண்டு சாப்பிடுகிறார். கீழ்த்தாடைப் பல் மேல்த்தாடைப் பல்லைப் போல ஒருபோதும் இறுகப் பிடிக்காது என்பதையும் அந்த வைத்தியர் ஒளிக்காமல் சொல்லியிருந்தார்.

இதில் நான் காண்பது பல்லை மட்டுமல்ல. பிழையான அளவை அன்றே கண்டு மறுபடி எடுத்தால் பத்து நிமிடம் போகும். இரண்டு வாரத்தின் பின் கண்டால் ஒரு பெண்ணின் ஒரு நாள் கூலி போகும். காணாமலே விட்டால் அவளது இரண்டு வருடச் சிரிப்பு போகும். வைத்தியர், தாதி, அளவைக் கொண்டுபோகும் பையன், பிளாஸ்டர் ஊற்றுபவர், பல் செய்பவர் என்று பல கைகளில் ஏற்படும் சிறு சிறு பிழைகள் சேர்ந்து கடைசியில் ஒரு வாயில் போய் முடிகின்றன. அந்த வாய்க்குச் சொந்தக்காரி பொறுத்துக்கொள்ளப் பழக்கப்பட்டவளாக இருந்தால் பிழை பிழையாகவே பதிவாகாது. “பழகினால் சரிவரும்” என்ற வசனத்தைப் பெண்கள் எத்தனை இடங்களில் கேட்டிருக்கிறோம்!

எல்லாப் பொருத்தமின்மைக்கும் அளவுதான் காரணம் என்று சொல்லவும் முடியாது. பல் பிடுங்கிய பின் பல மாதங்களுக்கு எலும்பு தேய்ந்துகொண்டிருக்கும். அந்தக் காலத்தில் செய்த கட்டுப்பல் தளர்வது இயல்பு. உட்புறத்தை மீள நிரப்பித் தருவார்கள். காரணம் எதுவானாலும் அதை அறிந்துகொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு.

அடியினால் உடைந்த பல்

இன்னொரு விடயத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். எம்மிடம் வரும் பெண்களில் சிலருடைய முன்பற்கள் சூத்தையினால் போனவை அல்ல. “படியில விழுந்திட்டன்” என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். பிறகு வீட்டார் காசு கொடுத்து உறையோ இம்பிளாண்டோ போட்டுவிட்டு, விடயம் முடிந்தது என்பார்கள். எமது தண்டனைச் சட்டக் கோவையின் 311 ஆம் பிரிவு பாரதூரமான காயங்கள் எனப் பட்டியலிடுபவற்றுள் பல் உடைவதும் ஒன்று. 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாப்புக் கட்டளையும் கோரலாம். ஆகவே உடைந்த பல்லைச் சீவி அளவு எடுப்பதற்கு முன்னர், அரச வைத்தியசாலையில் சட்ட வைத்திய அதிகாரியிடம் காட்டிப் பதிவு செய்வித்துக்கொள்வது நல்லது. சீவிய பின் உடைந்த வடிவம் இருக்காது. முறைப்பாடு செய்வதா இல்லையா என்பதைப் பின்னர் ஆறுதலாக நீங்களே தீர்மானிக்கலாம். ஆலோசனைக்கு 1938 என்ற மகளிர் உதவி இலக்கம் உண்டு.

கேட்க வேண்டியவை, செய்ய வேண்டியவை

1. பல் செய்விக்கும் முன் உங்களுக்குச் சிகிச்சை செய்பவர் இலங்கை மருத்துவச் சபையில் பதிவுபெற்ற பல் வைத்தியரா என்று அறிந்துகொள்ளுங்கள். வீட்டில் வைத்து மலிவாகப் பல் கட்டித் தருபவர்களிடம் போய், பிறகு இரட்டிப்பாகச் செலவழித்தவர்கள் பலர்.

2. காப்பை அடகு வைத்து இம்பிளாண்ட் செய்ய நினைப்பவர்கள், கழற்றிப் போடும் பல், பாலம் ஆகியவற்றின் செலவையும் நன்மை தீமைகளையும் முதலில் கேளுங்கள். நீரிழிவு இருந்தாலும், வெற்றிலை, புகையிலைப் பழக்கம் இருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள்.

3. அளவு எடுக்கும் நாளில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள். குமட்டல் வரும் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். நிமிர்ந்து இருந்து, தலையைச் சற்று முன்னே குனிந்து, மூக்கினால் மூச்சு விட்டால் குமட்டல் குறையும். கர்ப்பிணியாக இருந்தால் அதையும் சொல்லுங்கள். அவசரமில்லாத வேலையைப் பிள்ளை பிறந்த பின்னும் செய்விக்கலாம்.

4. களி இறுகும்வரை அசையாமல் இருங்கள். இடையில் அசைந்துவிட்டீர்கள் என்றால் வெட்கப்படாமல் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

5. ஏற்கெனவே கட்டுப்பல் போடுபவர்கள், புதியதற்கு அளவு எடுப்பதற்கு முதல்நாள் இரவாவது பழையதைக் கழற்றி வையுங்கள். அழுந்திய முரசு பழைய நிலைக்கு வந்தால்தான் சரியான அளவு கிடைக்கும்.

6. அளவைக் கையில் எடுத்ததும் “தெளிவாக வந்திருக்கிறதா டொக்டர்? இன்னொருக்கா எடுக்க வேணுமா?” என்று கேளுங்கள். இது அவமரியாதை அல்ல. நல்ல வைத்தியர் தாமே அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். குமிழி, கிழிசல் இருந்தால் மறுபடி எடுப்பார். மறுபடி எடுப்பவரைத் திறமையற்றவர் என்று நினைக்காதீர்கள்.

7. எடுத்த அளவு கழுவப்பட்டு, கிருமிநீக்கம் செய்யப்பட்டுத்தான் ஆய்வுகூடத்துக்குப் போக வேண்டும். அது உங்கள் எச்சிலும் இரத்தமும் பட்ட பொருள். அதைக் கையாளும் தொழிலாளரின் பாதுகாப்பும் முக்கியம்.

8. இம்பிளாண்ட் என்றால், அளவுத் தண்டு முழுமையாக உட்கார்ந்திருக்கிறதா என்று எக்ஸ்றேயில் பார்த்தீர்களா எனக் கேட்கலாம். எந்த வகை இம்பிளாண்ட் போடப்பட்டது என்பதை எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் வேறு வைத்தியரிடம் போக நேர்ந்தால் அந்தத் துண்டு மிகவும் உதவும்.

9. உறையை நிரந்தரமாக ஒட்டுவதற்கு முன் கடித்துப் பாருங்கள். உயரமாக இருந்தால், கரை நாக்கில் தட்டினால், பக்கத்துப் பல்லோடு இடைவெளி தெரிந்தால் அப்போதே சொல்லுங்கள். ஒட்டிய பின் சொல்வது கடினம்.

10. கட்டுப்பல் உரசி வந்த புண் இரண்டு வாரங்களுக்கு மேல் ஆறாவிட்டால் கட்டாயம் காட்டுங்கள். வெற்றிலை போடுவோர் நிறைந்த எமது நாட்டில் வாய்ப் புற்றுநோய் பரவலாக உள்ளது. ஆரம்பத்திலேயே கண்டால் குணப்படுத்தலாம்.

உங்கள் பிரதேச வைத்தியசாலையில் பல் செய்யும் வசதி இல்லாவிட்டாலும், அங்குள்ள பல் வைத்தியரிடம் பரிந்துரைக் கடிதம் பெற்றுக்கொண்டு பெரிய வைத்தியசாலைகளுக்குப் போகலாம். பேராதனையில் பல் போதனா வைத்தியசாலையும், கொழும்பில் தேசிய பல் வைத்தியசாலையும் உள்ளன. வரிசை நீளமாக இருக்கும் என்பது உண்மைதான். இரண்டு மூன்று பெண்கள் சேர்ந்து ஒரே நாளில் தவணை எடுத்துப் போனால் துணையும் ஆகும், ஒருவர் கேட்க மறந்ததை மற்றவர் கேட்கலாம். எமது குழுவொன்றில் இப்படித்தான் போகிறார்கள். வாயில் தட்டு இருக்கும்போது கேள்வி கேட்க முடியாது அல்லவா? பக்கத்தில் நிற்கும் தோழி கேட்கட்டும்.

அடுத்த இதழில் சந்திப்போம்.